கணக்கு எது, பயம் எது: பெங்களூரில் தனியாக உளவியல் ஆலோசனை நடத்திய அனுபவம்

'உன்னால் முடியும் என்று நம்பு, மற்றதெல்லாம் தானாக நடக்கும்' என்று மேடையேறிப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் பெங்களூரில் தனியாகத் தொழில் செய்யும் உளவியல் ஆலோசகர். மனிதர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கைகளோடுதான் என் பிழைப்பு. கோஷம் போட்டு அவற்றை மாற்ற முடியாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நான் அன்பு செலுத்தத் தக்க மனிதர்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, தன்மதிப்பு ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்குச் சற்றே நன்மை கிடைத்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ மனம் முன்பைவிட இறங்கியது. யாருக்கு அந்த வாசகம் தேவையோ அவர்களுக்கே அது உதவவில்லை.

தனியாகத் தொழில் தொடங்கிய காலத்தில் என்னைக் கட்டிப்போட்ட வாசகங்கள் சில உண்டு. பேசுவதற்கு இவ்வளவு பணம் கேட்கக் கூடாது. பெரிய பட்டம் இல்லாதவளை யார் நம்புவார்கள்? நம் தமிழ் ஆட்கள் இதற்கெல்லாம் வர மாட்டார்கள். விளம்பரம் செய்தால் மரியாதை போய்விடும். பெங்களூரில் தெருவுக்கு ஒரு கவுன்சலர் இருக்கிறார், இன்னொருத்தி எதற்கு?

சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'பொய்யான நம்பிக்கைகள், தூக்கி எறியுங்கள்' என்று சொல்லிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த உண்மையின் முதுகில் ஏறிக்கொண்டுதான் பயம் உள்ளே வந்தது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு வாசகத்தையும் பக்கத்தின் தலைப்பில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் கணக்கு: ஒரு தாளும் பேனாவும் கொண்டு தீர்க்கக் கூடியவை, சட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. வலது பக்கம் பயம்: என்ன நடக்கும் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருப்பவை. பயத்தின் பக்கத்தில், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று எழுதுவேன். பிறகு அதைச் சோதித்துப் பார்க்க ஆக மிகச் சிறிய ஒரு காரியம். பிறகு நடந்தது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சை முறையின் அன்றாடக் கருவி. ஆலோசனைக்கு வருபவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுப்பதை எனக்கே கொடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கட்டணத்தில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் பேசித் தீர்ப்பது இலவசம். ஒரு வீட்டில் சண்டை என்றால் மூலை வீட்டு ஆயா வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார். காப்பி ஆறுவதற்குள் பாதிப் பிரச்சினை ஆறியிருக்கும். நான் தொழில் தொடங்கியதைக் கேட்ட பெரியம்மா, "ஏம்மா, ஆறுதல் சொல்வதற்கா காசு வாங்குகிறாய்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை; உண்மையாகவே புரியாமல் கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. அதனால் ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் என்று வைத்தேன். அதையும் சொல்லி முடித்த கையோடு, "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று சேர்த்துக்கொள்வேன்.

இடது பக்கக் கணக்கு இது. வாரத்துக்கு 15 அமர்வுகள், மாதத்துக்கு 36,000 ரூபாய். ஜீவன் பீமா நகரில் ஒரு பிசியோதெரபி நிபுணரோடு பகிர்ந்துகொண்ட அறையில் என் பங்கு வாடகை 14,000. ஒரு மூத்த ஆலோசகரிடம் மாதம் இருமுறை போய், என் வேலையில் எங்கே சறுக்குகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன், அதற்கு 3,000. போக்குவரத்து, தொலைபேசி, இணையம், பயிற்சி வகுப்புகளுக்குச் சேமிப்பு எல்லாம் சேர்த்து 4,000. கையில் நிற்பது 15,000. பெங்களூரில் இந்தத் தொகையில் ஒருவர் குடும்பம் நடத்த முடியாது என்பதற்கு உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. இப்படியே போனால் ஒரு வருடத்தில் அறையைக் காலி செய்துவிட்டு எங்காவது மாதச் சம்பளத்துக்குப் போக வேண்டும். அப்போது அந்த 600 ரூபாய் அமர்வும் யாருக்கும் கிடைக்காது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மனநலச் சிகிச்சைச் சட்டம் 2017, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகும் ஆலோசனைக்குப் பணம் அநேகமாக வருபவரின் பையிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கட்டணத்தை ஏற்றினால் சிலருக்கு உண்மையிலேயே சுமைதான். இது பயம் இல்லை, நிஜம்.

வலது பக்கத்தில் எழுதியது: 'கட்டணத்தை ஏற்றினால் எல்லோரும் போய்விடுவார்கள். பேராசைக்காரி என்பார்கள்.' நம்பிய அளவு 90 சதவீதம். முதலில் ஏற்கெனவே வருபவர்களைத் தொடவில்லை. புதிதாக அழைப்பவர்களிடம் மட்டும் 1,200 ரூபாய் என்று சொல்வது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. இரண்டாவதுதான் கடினம். தொகையைச் சொன்னதும் வருகிற அந்த இரண்டு விநாடி மௌனத்தை நிரப்ப நாக்கு துடிக்கும். 'முடியாவிட்டால் குறைத்துக்கொள்ளலாம்' என்று அந்த மௌனத்தில் நாம் சொல்வது கருணையால் அல்ல, நம் படபடப்பைத் தணித்துக்கொள்ளத்தான். சிலர் அதிகம் என்று சொல்லிப் போனை வைத்தார்கள். பெரும்பாலோர் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: "சனிக்கிழமை நேரம் இருக்கிறதா?"

பேராசைக்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும், கணக்கு ஒன்று கையில் இருந்தது. 15 பேரில் ஐந்து பேர் போனால்கூட மீதி பத்துப் பேரால் மாதம் 48,000 வரும். இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றே 90 என்பது 60 ஆகிவிட்டது. பழையவர்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு ஏற்றினேன்.

சுமை என்ற நிஜத்துக்கு வேறு வழி செய்தேன். வாரத்தில் மூன்று இடங்கள் 400 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்டவை. யாரிடமும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. கேட்பவருக்கு இடம் இருந்தால் உண்டு. மூன்றும் நிரம்பியிருந்தால் நிரம்பிவிட்டது என்று சொல்லி, பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் புறநோயாளிப் பிரிவைப் பற்றியும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அந்த அரசு உதவி எண் இலவசம், இரவு பகல் எந்நேரமும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். வருபவர் எல்லோருக்கும் தள்ளுபடி என்று இருந்தபோது, கொடுக்க முடிந்தவரும் குறைத்துக் கொடுத்தார், முடியாதவர் கேட்கக் கூச்சப்பட்டு நின்றுவிட்டார். எண்ணிக்கை வைத்த பிறகு இரண்டும் குறைந்தன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சலுகையின் அளவை ஆற அமர உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தொலைபேசியில் எதிர்முனையில் ஒருவர் காத்திருக்கும்போது முடிவு செய்யாதீர்கள்.

பெரியம்மாவுக்கும் பதில் கிடைத்தது. மூலை வீட்டு ஆயாவிடம் சொன்னது மறுநாள் குழாயடியில் இருக்கும். என்னிடம் சொன்னது எங்கும் போகாது. அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்றேன். பெரியம்மா ஒப்புக்கொண்டாரா தெரியாது. ஆனால் தன் தோழி ஒருவருக்கு என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

பட்டம் பற்றிய வாசகத்தில் கணக்கின் பங்கு அதிகம், பயத்தின் பங்கு குறைவு. நான் ஆலோசனை உளவியலில் எம்.எஸ்சி. முடித்தவள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்துப் பதிவு செய்தவர்கள்தான் தங்களை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியும். நான் அவர்களில் ஒருத்தி அல்ல. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. இதை எதிர்த்து 'நானும் சமம்தான்' என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. நான் செய்தது வேறு: என்னால் எதற்கு உதவ முடியும், எதற்கு முடியாது என்பதை ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முதல் அமர்வுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடுகிறேன். தற்கொலை எண்ணம், குரல்கள் கேட்பது, குடிப்பழக்கத்தை நிறுத்தும்போது வரும் நடுக்கம் போன்றவை இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அவரோடு சேர்ந்து நானும் இருப்பேன். இப்படி எழுதினால் என்னைக் குறைத்து மதிப்பிடுவார்கள் என்று பயந்தேன். மாறாக, அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்த மனநல மருத்துவர் ஒருவர் தன்னிடம் வருபவர்களை என்னிடம் அனுப்பத் தொடங்கினார். எல்லை தெரிந்தவரிடம் அனுப்புவது அவருக்கும் நிம்மதி.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். 'நம் ஆட்கள் வர மாட்டார்கள்' என்பதன் அடியில் இன்னும் இரண்டு ஒளிந்திருந்தன. என் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். என் தமிழோ கன்னடமும் உருதுவும் கலந்த பெங்களூர்த் தெருத் தமிழ். இதைக் கேட்டால் மதுரைக்காரர் சிரிப்பார் என்பது ஒன்று. தமிழ் என்று வெளியே காட்டிக்கொள்ள வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை வெறும் மனப்பிரமை என்று தள்ள மாட்டேன். பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991இன் காவிரிக் கலவரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அல்சூர் ஏரி அருகே உள்ள திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அந்த ஏரியைத் தாண்டித்தான் நாங்கள் எங்கும் போவோம். இப்படிப்பட்ட பயத்துக்கு வேர் உண்டு. அதை மதித்துத்தான் பேச வேண்டும்.

ஆகவே பலகையில் வீரம் காட்டவில்லை. கர்நாடகத்தில் 2024இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். என் பலகையில் கன்னடம் பெரிதாகவும் ஆங்கிலம் சிறிதாகவும் இருக்கின்றன. நான் கன்னடத்திலும் ஆலோசனை தருகிறேன் என்பதால் அது சரியானதும்கூட. தமிழை முகவரி அட்டைக்குக் கொண்டுபோனேன். அதில் நோய்களின் பெயர் எதுவும் இல்லை. 'தூக்கம் பிடிக்கவில்லையா? காரணம் தெரியாமல் நெஞ்சு படபடக்கிறதா? வீட்டில் பேச ஆளில்லையா? தமிழில் பேசலாம்' என்று மட்டும் இருக்கும். அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் உள்ள பொது மருத்துவர்கள் சிலரிடம் அந்த அட்டையைக் கொடுத்து வந்தேன். படபடப்புக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் நிம்மதியில்லாமல் திரும்பத் திரும்ப வருபவர்கள் எல்லா மருத்துவர்களிடமும் உண்டு.

வந்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு வியப்பு. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தார்கள், ஆனால் அவர்களில் பலருக்கு ஆங்கிலமே போதும். தமிழைத் தேடி வந்தவர்கள் அவர்களுடைய அம்மாக்கள். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திருச்சியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து பதினான்காவது மாடியில் குடியேறியவர்கள். கன்னடம் தெரியாது, இந்தி தெரியாது. ஊரில் கோயில், கடைத்தெரு, பக்கத்து வீடு என்று இருந்தவர்களுக்கு இங்கே லிஃப்டும் தொலைக்காட்சியும்தான். மகனிடம் சொன்னால் வருத்தப்படுவான், மருமகளிடம் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். அப்புறம் கோலார் தங்கவயல் குடும்பங்கள். 2001இல் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அந்த ஊரிலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களில் யாருடைய கதையையும் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர்களில் எவரும் என் தமிழைப் பார்த்துச் சிரிக்கவில்லை. புரியாத சொல்லைக் கேட்டால் திருத்தினார்கள். ஓர் அம்மா என்னைத் திருத்தும்போதுதான் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடைமுறையில் இதில் ஒரு லாபமும் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேலும் சனிக்கிழமையும்தான் கேட்பார்கள். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை அறை காலியாகக் கிடக்கும், வாடகை மட்டும் ஓடும். குழந்தை பள்ளிக்குப் போயிருக்கும் அந்த நேரம்தான் இந்த அம்மாக்களுக்குத் தோது. 'எல்லோருக்குமான ஆலோசகர்' என்று இருந்தவரை நிரம்பாத நேரம், குறிப்பிட்ட சிலருக்கானவள் என்று ஆனதும் நிரம்பியது.

எல்லாச் சோதனையும் இப்படி இனிப்பாக முடிவதில்லை. தமிழ்த் தம்பதிகளுக்காக ஞாயிற்றுக்கிழமைக் குழு வகுப்பு ஒன்று நடத்த நினைத்தேன். 'யாரும் வர மாட்டார்கள்' என்று 80 சதவீதம் எழுதினேன். சொல்லிவைத்தாற்போல் ஒன்றிரண்டு பேருக்கு மேல் வரவில்லை. தெரிந்த முகம் எதிரே உட்கார்ந்திருக்கும் அறையில் குடும்ப விஷயத்தைப் பேச யார் வருவார்கள்? அது பயம் அல்ல, என் சமூகத்தைப் பற்றிய சரியான கணிப்பு. நோட்டில் அந்த வாசகத்தை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றி எழுதிவிட்டு, மண்டபத்துக்கு வைத்திருந்த பணத்தைப் பயிற்சி வகுப்புக்குக் கட்டினேன். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நாம் சந்தேகித்ததே சரி என்றும் அது சொல்லும்.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் தொழிலில் சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்பது ஒழுங்கல்ல; மறுக்க முடியாத நிலையில் அவர் இருக்கிறார். இணையத்தில் யாராவது மதிப்புரை எழுதினால் அதற்கு நன்றி சொல்லிக்கூடப் பதில் போடக் கூடாது. பதில் போட்டால் அவர் என்னிடம் வந்தவர் என்பதை நானே உறுதி செய்ததாகிவிடும். இவை கணக்குப் பக்கம். 'ஆகவே வாயே திறக்கக் கூடாது' என்பது பயத்தின் பக்கம். நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் முதியோரின் தூக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் பொதுத்தேர்வுப் பதற்றத்தைப் பற்றிப் பேசலாம். என்னைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. விஷயத்தைப் பேசினால் போதும். எனக்குக் கூச்சம் விட்டது அப்படித்தான்.

அமர்வுக்கு வராமலிருப்பவர்களுக்கு ஒரு விதி வைத்தேன்: வர முடியாவிட்டால் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பின் ரத்து செய்தால் பாதிக் கட்டணம், பணம் முன்கூட்டியே யூபிஐ வழியாக. சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் வண்டியை ஓரம் கட்டி, அதே நேரத்தில் போனில் பேசலாம். இதில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

தெருவுக்கு ஒரு கவுன்சலர் என்ற வாசகம் ஒரே மாலையில் தீர்ந்தது. நிம்ஹான்ஸ் நடத்தி 2016இல் வெளியிட்ட தேசிய மனநல ஆய்வை எடுத்துப் படித்தேன். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த ஆய்வு அது. பல்வேறு மனநலக் கோளாறுகளில், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை என்கிறது. என் தெருவில் இன்னும் நாலு பேர் பலகை மாட்டினாலும் இடம் இருக்கும். அதன் பிறகு அதே பகுதியில் இருக்கும் மற்ற ஆலோசகர்களைத் தேடிப் போய் அறிமுகம் செய்துகொண்டேன். தமிழ் பேசுபவரை அவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள்; குழந்தைகளை நான் அவர்களுக்கு அனுப்புகிறேன், ஏனென்றால் குழந்தைகளோடு வேலை செய்ய எனக்குப் பயிற்சி இல்லை.

இப்போது நோட்டில் திறந்திருக்கும் பக்கத்தின் தலைப்பு: 'இன்னொருவரைச் சேர்த்தால் தரம் போய்விடும்.' காத்திருப்போர் பட்டியல் நீள்வதால் இந்தக் கேள்வி. கணக்குப் பக்கத்தில் இரண்டாவது அறைக்கான வாடகை, புதியவரின் சம்பளம், அவருடைய வேலையைப் பார்த்துச் சொல்ல நான் ஒதுக்க வேண்டிய நேரம், அதனால் நான் குறைக்க வேண்டிய அமர்வுகள் எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் ஆறு மாதம் கையைக் கடிக்கும், அதற்கு மேல் சமாளிக்கலாம். பயத்தின் பக்கத்தில் 70 சதவீதம். சோதனையாக, தமிழும் தெலுங்கும் பேசும் இளம் ஆலோசகர் ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் கொடுத்திருக்கிறேன். அவரிடம் போகிறவர்கள் மூன்றாவது அமர்வுக்குத் திரும்பி வருகிறார்களா என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.